ஆங்கிலேயச் சேகரப் பதிவேடுகளும் குடும்ப வரலாறும்

இங்கிலாந்தில் தம் முன்னோரைத் தேடுகிறவர் 1837ஆம் ஆண்டு வரை அரசாங்கப் பதிவுகளைக் கொண்டே பின்னோக்கிச் சென்றுவிடலாம். அவ்வாண்டு ஜூலை முதல் நாளில்தான் அங்குப் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசு தானே பதியத் தொடங்கிற்று. அதற்கு முன்னுள்ள மூன்று நூற்றாண்டுகளில், நிலமும் பட்டமும் இல்லாத குடும்பத்தாருக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று ஊர்க் குருவானவரின் ஏடேயாகும். அதனை எதற்காக எழுதினார், யாரை எழுதாது விட்டார் என்று கேளாமல் அவ்வேட்டை நாம் சரியாகப் படித்தல் இயலாது.

1538 செப்டம்பரில், எட்டாம் ஹென்றி அரசரின் சார்பாகத் திருச்சபை அலுவல்களை நடத்திவந்த தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு சேகரமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியவேண்டுமெனக் கட்டளையிட்டார். ஏட்டை வைக்க இரு பூட்டுகளுள்ள பெட்டி. ஒரு சாவி குருவிடம், மற்றொன்று வார்டன்களிடம். ஞாயிறுதோறும் அவர்கள் முன்னிலையில் கடந்த வாரத்து நிகழ்ச்சிகளை எழுதவேண்டும். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். மக்களோ இதனைப் புதிய வரிக்கு முன்னோடியென்று அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் வீணன்று. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி விதிக்கப்பட்டு, 1794 வரை நீடித்தது. ஏழைகளுக்கு விலக்கு இருந்தமையால், அவ்வாண்டுகளின் ஏடுகளில் சில பெயர்களுக்கருகே 'ஏழை' என்னும் குறிப்பைக் காண்கிறோம். அவர் உண்மையில் ஏழையோ, குருவானவரின் இரக்கத்தைப் பெற்றவரோ, ஏடு சொல்லாது.

முதலில் எழுதப்பட்ட காகித ஏடுகள் பல அழிந்தன. 1598இல் அவற்றைத் தோல்தாளில் படியெடுக்கவும், ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்பவும் ஆணை பிறந்தது. எலிசபெத் அரசியின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து சிறப்பாகப் படியெடுக்குமாறு கூறப்பட்டதால், பல ஏடுகள் 1558இலேயே தொடங்குகின்றன. ஸ்ட்ராட்போர்டு ஆலயத்து ஏடும் இத்தகைய படியே. 1564 ஏப்ரல் 26இல் ஷேக்ஸ்பியர் ஞானஸ்நானம் பெற்றதை அது கூறுகிறது. பிறந்த நாளைக் கூறவில்லை. அதே ஆண்டு ஜூலையில், ஓர் அடக்கப் பதிவின் அருகே, கொள்ளைநோய் இங்கே தொடங்கிற்று என்று இலத்தீனில் ஒரு குறிப்பு உள்ளது. நோய்க்குத் தப்பிய குழந்தையையும் தப்பாத ஊராரையும் ஒரே ஏட்டில் பார்க்கிறோம்.

ஆண்டுகளைக் கணக்கிடுவதிலும் எச்சரிக்கை வேண்டும். 1752க்கு முன்பு ஆங்கிலேயருக்கு ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே 1650 பிப்ரவரி என எழுதப்பட்டிருப்பது நம் கணக்கில் 1651 ஆகும். இதனை அறியாதவர், மகனைத் தந்தையின் திருமணத்துக்கு முன்பே பிறக்கச் செய்துவிடுவர்!

1754 மார்ச் 25 முதல், குவேக்கரும் யூதரும் நீங்கலாக யாவரும் சேகர ஆலயத்திலேயே மணம் முடிக்கவேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மணமக்கள் ஏட்டில் கையொப்பமோ கீறலோ இடவேண்டும். 1781 ஜூன் 10இல் பிடிங்டன் ஆலயத்தில் வில்லியம் கேரி, டாரதி பிளாக்கெட் ஆகியோர் மணம் புரிந்தனர். கேரி தம் பெயரை எழுதினார். டாரதி ஒரு சிலுவைக் குறி இட்டார். வேதாகமத்தைப் பல மொழிகளில் பெயர்த்தவரின் மனைவிக்கு அன்று எழுதத் தெரியாது. அவரைப்பற்றி எழுந்துள்ள கடுஞ்சொற்களைக் காட்டிலும் அச்சிறு குறி நமக்கு அதிகம் கூறுகிறது என்று கருதுகிறோம். ஈராண்டு கழித்துக் கேரி நீன் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். அதற்குச் சேகர ஏட்டில் இடமில்லை. பாப்திஸ்து சபையாரின் பிள்ளைகளை அவர்களுடைய கூடங்களின் பிறப்பேடுகளில்தான் தேடவேண்டும்.

ஏட்டில் இடம்பெற்றோர் யாவரும் ஒரேவிதமாய் எழுதப்படவும் இல்லை. பழைய ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றில் தகப்பன் பெயர் மட்டுமே உண்டு, பெற்றவளுக்குப் பெயரில்லை. மணவாழ்வுக்குப் புறம்பே பிறந்த குழந்தையை 'ஊரார் மகன்' என்று இலத்தீனில் எழுதினவர் உண்டு. வெளிப்படையாய் இழிசொல்லிட்டு எழுதினவரும் உண்டு. கிருபையின் அடையாளத்தைப் பெற்ற அதே நாளில் அக்குழந்தையின் மேல் அச்சொல் ஒட்டிற்று. 1813 முதல் அச்சிட்ட ஏடுகள் வந்து, இரு பெற்றோரின் பெயர், குடியிருப்பு, தொழில் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டபின் எழுதுவோரின் விருப்பம் ஓரளவு கட்டுப்பட்டது.

நம் நாட்டைத் தொடும் ஒரு பதிவும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாகிய பாட்ரிக் கோப்லண்டு, வங்கக் கடற்பகுதியிலிருந்து ஓர் இளைஞரை 1614இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். 1616 டிசம்பர் 22இல் இலண்டன் தூய டயோனிஸ் ஆலயத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். பீட்டர் என்னும் பெயரைத் தெரிந்தளித்தவர் முதலாம் ஜேம்ஸ் அரசர். கிழக்கிந்தியர் ஒருவர் பீட்டர் என்னும் பெயரால் ஞானஸ்நானம் பெற்றார் என்று ஏடு கூறுகிறது. அவருடைய தாய் தந்தையர் இட்ட பெயரை அது கூறவில்லை.