முத்தையாவின் மேசையும் தொழிற்பயிற்சியும்

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா, 1886-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1907-இல் மலாயாவுக்கு வந்த அவர், இரயில்வேயிலும் பின்னர் ஒரு வணிக நிறுவனத்திலும் பணியாற்றினார். அதாவது, நம்மவர் வழக்கில் சொல்வதானால், ஒரு கிராணி!

247 எழுத்துகளை ஒரு சிறு பொறிக்குள் அடக்குவது எவ்வாறு? புள்ளியையும் இகர, ஈகாரக் கொக்கிகளையும் அடிக்கும்போது உருளை நகராதிருக்குமாறு அவர் அமைத்தார். அடுத்து அடிக்கும் மெய்யெழுத்து அதே இடத்தில் வந்து பொருந்திவிடும். 'நகரா விசை' என்பது இதுவே. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைமுறையிலோ, ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குக் கணினியே புள்ளியிட்டுவிடுகிறது.

அலுவலக மேசையிற் பெறும் பயிற்சியைச் சிறிதென எண்ணும் பெற்றோருக்காகவே இதனை எழுதுகின்றேன். பாலிடெக்னிக்கில் பயிலும் என் முன்னாள் மாணவி ஒருத்தி தொழிற்பயிற்சிக்குச் சென்றாள். கோப்பு அடுக்குதல், நகலெடுத்தல், எக்செலில் பட்டியலிடுதல் ஆகியனவே வேலை. "இதற்காகவா படிக்க வைத்தோம், சார்?" என்று அவள் தாயார் வருந்தினார். நகலெடுப்பதே நாள் முழுதும் வேலையானால் அவ்வருத்தம் நியாயமானதே. விரிவுரையாளரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் அவளது பயிற்சிக் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஏழாம் வாரத்தில் ஒரு வரி: தமிழில் அழைப்புக் கடிதம் தட்டச்சு செய்தேன். அவ்வலுவலகத்தில் அது தெரிந்தவர் வேறெவரும் இல்லையாம்.