ஓட விடட்டுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை. வியாழன் இரவு படுத்துவிட்ட சர்வர்கள் அப்போதுதான் எழுந்திருந்தன. ஷெட்யூலர் திரை முழுக்கச் சிவப்பு. நேரத்துக்கு ஓடாமல் போன வேலைகள் நாற்பதுக்குப் பக்கம் இருக்கும். டீமில் சேர்ந்து ஆறு மாதமே ஆன தம்பி போனில் கேட்டான்: "எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஓட விடட்டுமாண்ணா?" தூக்கக் கலக்கத்தில் "ஓட விடு" என்றேன்.

அதில் ஒன்று, கடன் தவணை கட்டாதவர்களுக்குத் தினமும் காலையில் எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்கானதும் அடுத்தடுத்து ஓடியது, அதுவும் வியாழன் மாலை நிலவரத்தை வைத்துக்கொண்டு. வெள்ளியன்றே கிளையில் பணம் கட்டியவருக்கும் "இன்னும் கட்டவில்லை" என்று மூன்று முறை போனது. அவர்களில் ஒருவர் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்த பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கோபமாகக்கூடப் பேசவில்லை. ரசீது எண்ணை மெதுவாக இரண்டு தடவை வாசித்தார்.

எஸ்எம்எஸ் ஒரு தடவைகூடப் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பட்டியலில் இருந்த வட்டிக் கணக்கு மூன்று முறை ஓடியே ஆகவேண்டும், அதுவும் தேதி வரிசையில். பத்து நாள் ஊரில் இல்லை என்பதற்காக யாரும் வந்து பத்து முறை வீடு பெருக்குவதில்லை. வட்டி அப்படியில்லை. இந்த வித்தியாசம் ஷெட்யூலருக்குத் தெரியாது. அதற்கு இரண்டும் ஒரே சிவப்புதான்.

இந்தக் குழப்பத்துக்கு வயது நாற்பதுக்கு மேல். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கிரான் என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, பட்டியலைப் பார்த்து, இந்த நிமிடத்துக்கு எழுதியிருப்பதை ஓட்டிவிட்டு மறுபடி தூங்கிவிடும். நேற்று என்ன ஓடியது என்று அதற்கு நினைவே கிடையாது. இரண்டு மணி வேலை இருக்கும்போது இரண்டு மணிக்கு இயந்திரம் அணைந்திருந்தால், அந்த வேலை அன்றைக்கு இல்லை. அதைக் குறையென்று யாரும் பெரிதாக நினைத்த மாதிரி தெரியவில்லை. இயந்திர அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது அது. 1987-இல் பால் விக்ஸி எழுதிய கிரான் பின்னால் லினக்ஸ் உலகமெங்கும் பரவியபோதும், அணைந்திருந்த நேரத்தில் தவறியது தவறியதுதான்.

லினக்ஸ் வீட்டு மேசைக்கு வந்தபோதுதான் இடித்தது. ராத்திரி அணைத்துவிட்டுப் படுக்கிற கம்ப்யூட்டரில் விடியற்காலை வேலைகள் ஒருநாளும் ஓடாது. பதிவுக் கோப்புகள் வெட்டப்படாமல் வீங்கிக்கொண்டே போகும். இதற்காக கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் பெர்ல் மொழியில் உருவாக்கி, இட்டாய் சூர் சி மொழியில் திரும்ப எழுதியதுதான் அனாக்ரான். அது "மணி என்ன?" என்று கேட்பதில்லை, "கடைசியாக ஓடி எத்தனை நாள் ஆச்சு?" என்றுதான் கேட்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டிக் கோப்பு, அதற்குள் ஒரே ஒரு தேதி. மணிகூடக் கிடையாது. கெடு தாண்டியிருந்தால், கம்ப்யூட்டர் எழுந்ததும் சில நிமிடம் பொறுத்து ஓட்டும். எல்லாம் ஒன்றாக முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பொறுமை. பத்து நாள் தவறியிருந்தாலும் ஒருமுறைதான் ஓட்டும். அதாவது வீடு பெருக்குகிற கட்சி. சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்று எழுதினால் நடப்பதும் இதுதான்.

எதிர்க்கட்சி ஏர்ஃப்ளோ. 2014-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மாக்சிம் போஷெமின் தொடங்கியது. அங்கே மார்ச் 3-க்கான வேலை ஜூனில் ஓடினாலும் மார்ச் 3-க்கானதுதான். தவறிய ஒவ்வொரு நாளையும் தானாகவே ஓட்டித் தீர்ப்பதுதான் பல வருடங்கள் அதன் இயல்பான அமைப்பு. தினசரி வேலைக்குத் தொடக்கத் தேதியை இரண்டு வருடம் முன்னால் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் எழுநூறு சொச்சம் ஓட்டங்கள் கிளம்பும். (தட்டியவர்களில் நானும் ஒருவன்.) 2025-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அந்த இயல்பை மாற்றினார்கள். இரண்டு கட்சியும் நம் சார்பில் ஊகம்தான் செய்கின்றன. வேலையை எழுதியவன் சொல்லாமல் விட்டதை அவை எப்படி அறியும்?

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை 2012 ஜூனில் பிரிட்டன் பார்த்தது. ஆர்பிஎஸ் குழுமத்தில் நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் இரவு வேலைகளை ஓட்டும் ஷெட்யூலர் மென்பொருளை 17-ஆம் தேதி ஞாயிறன்று புதுப்பித்தார்கள். சிக்கல் வரவே, 19-ஆம் தேதி புதியதைக் கழற்றினார்கள், கழற்றினால் என்ன ஆகும் என்று சோதிக்காமல். புதிய பதிப்பும் பழையதும் ஒத்துப்போகவில்லை. இரவு வேலைகள் தேங்கின. வங்கியில் நேற்றைய கணக்கு முடியாமல் இன்றைய கணக்கைத் தொடமுடியாது. இதற்கிடையில் ஒவ்வொரு இரவும் புதிதாக ஒரு நாள் வரிசையில் வந்து நின்றது. மொத்தம் 65 லட்சம் வாடிக்கையாளர்களாவது பாதிக்கப்பட்டார்கள். வீட்டுக்கடன் தவணை நேரத்துக்குப் போகவில்லை. வெளிநாடு போனவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள். சில நிறுவனங்களால் சம்பளம் போடமுடியவில்லை. கணக்குகளில் வட்டியும் தப்பாக ஏறியது.

2014 நவம்பரில் இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. தொகையைவிட என் மனதில் தங்கியது ஒரு சின்ன விவரம். தேங்கிய வேலைகளைத் தீர்த்த வரிசையில் நாட்வெஸ்ட் முதலில், அடுத்து ஆர்பிஎஸ், கடைசியில் அல்ஸ்டர். வடக்கு அயர்லாந்தில் அல்ஸ்டர் வாடிக்கையாளர்களின் சிரமம் ஜூலை 10 வரை நீண்டது.

அந்தத் தம்பி இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொரு புது வேலையையும் சேர்க்கும்போது நிரப்பவேண்டிய படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: "மூணு நாள் ஓடலைன்னா?" பாதிப்பேர் அதைக் காலியாகத்தான் விடுகிறார்கள். நான் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.