ஜகாத் ஊழியர் முதல் ஆடிட்டர் வரை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

வருமான வரிக் கணக்கை ஆடிட்டரிடம் ஒப்படைத்துக் கட்டணம் கொடுப்பதை வீண்செலவாகக் கருதுவோர் நம்மில் உண்டு. கட்டணம் கொடுத்துவிட்டோம், இனி எல்லாம் அவர் பொறுப்பு என்று எண்ணுவோரும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் சரியல்ல என்பதை நம் வரலாறே எடுத்துரைக்கிறது.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் குறிப்பிடுகிறது. அவர்களுள் மூன்றாவதாக இடம்பெறுவோர், ஜகாத் பணியில் ஈடுபடும் ஊழியர்கள். கணக்கிட்டு வசூலிக்கும் உழைப்புக்கு ஊதியம் உண்டு என்பது இதனால் நிலைபெற்றது. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் இப்னுஸ் ஸஅதீ (ரலி) அவர்களுக்கு இப்பணிக்கான ஊதியத்தை அளித்தபோது, அல்லாஹ்வுக்காகவே பணியாற்றியதாகக் கூறி அவர் மறுத்தார். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தாமும் இவ்வாறே மறுத்ததையும், பெற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் பணித்ததையும் உமர் (ரலி) அவருக்கு எடுத்துரைத்தார்கள்.

ஊதியத்துக்கு இடமளித்த மார்க்கம், அதற்கு எல்லையும் வகுத்தது. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் கண்டித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

பின்னர் பேரரசு விரிந்தபோது கணக்கு தனிக் கலையாக வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த தம் நூலில் வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்குப் பெரும் பகுதியை ஒதுக்கினார். பத்தாம் நூற்றாண்டின் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, எழுத்தர்களுக்கும் அலுவலர்களுக்கும் தேவையான கணிதம் குறித்துத் தனி நூலே இயற்றி, அதில் வரிக் கணக்குகளையும் விளக்கினார்.

நம் நாட்டில் வருமான வரியை 1860இல் ஜேம்ஸ் வில்சன் அறிமுகப்படுத்தினார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அரசுக்கு ஏற்பட்ட நிதி நெருக்கடியே அதற்குக் காரணம். 1922, 1961 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவ்வரியை விரிவாக வகுத்தன. விடுதலைக்குப் பின் 1949இல் பட்டயக் கணக்காளர் சட்டம் இயற்றப்பட்டு, அத்தொழிலுக்குத் தனி அமைப்பும் உருவானது. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வணிகம் செய்த நம் முன்னோரின் கடைகளில் கணக்கப்பிள்ளை எழுதிய பேரேடு, இன்று ஆடிட்டரின் மேசைக்கு வந்துள்ளது.

மாதச் சம்பளம் மட்டுமே பெறுபவர் தம் கணக்கைத் தாமே தாக்கல் செய்துவிடலாம். ஆனால் வாடகை வருமானம், பங்குதாரராக நடத்தும் கடை, பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தின் விற்பனை என்று பல சேரும்போது நிலைமை வேறு. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர் எத்தனை நாள்கள் இந்தியாவில் தங்கினார் என்பதைப் பொறுத்தே அவருடைய வரி நிலை மாறும். இங்கே அறிந்தவரை நாடுவதே அறிவுடைமை. உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தினர் நாம்; அவருடைய கட்டணத்தை இழுத்தடிப்பது நமக்கு அழகல்ல.

எனினும் பொறுப்பு நம்முடையதே. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்கும் முறையைக் கற்பிக்கிறது. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும்; அவருக்கு இடையூறு செய்யக் கூடாது. ஆனால் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர், கடன் பட்டவரே. அவர் இறைவனை அஞ்சி, எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆடிட்டர் எழுத்தர், சொல்பவர்கள் நாம். வங்கி வட்டியை நாம் உண்ணாமல் பிறருக்குக் கொடுத்துவிடுகிறோம் என்பதற்காக அதனை அவரிடம் மறைத்தல் ஆகாது. சட்டத்தின் பார்வையில் அதுவும் வருமானமே. சட்டம் தரும் சலுகைகளை அவர் தேடித் தரட்டும், அது அவர் கலை. பொய்யான ரசீதைக் காட்டி வரியைக் குறைக்கலாம் என்று எவரேனும் சொன்னால், அவரிடமிருந்து நம் கோப்பைத் திரும்பப் பெறுவோம். கையொப்பம் நம்முடையது; மறுமையில் கேள்வியும் நம்மிடமே. நேர்மையான கணக்கோடு அவனைச் சந்திக்கும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.