குவாண்டம் தொகுப்பியின் வரலாறு

குவாண்டம் சுற்றை, அதாவது கியூபிட்கள் எனும் குவாண்டம் தகவல் அலகுகள் மீது வரிசையாக நிகழ்த்த வேண்டிய செயல்களின் திட்டத்தை, ஒரு கருவி ஏற்கும் அடிப்படைச் செயல்களாக, அதாவது வாயில்களாக, மாற்றித் தருவது தொகுப்பியின் பணி. ஒற்றைக் கியூபிட் வாயில்களும், ஒரு கியூபிட்டின் நிலையைப் பொறுத்து மற்றொன்றைப் புரட்டும் சி-நாட் வாயிலும் இருந்தால் எந்தச் சுற்றையும் அமைக்கலாம் என்று 1995இல் பாரென்கோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் நிறுவியது இத்துறைக்கு அடித்தளமாயிற்று. 2016இல் ஐபிஎம் நிறுவனம் தன் 5 கியூபிட் கருவியை இணையவழியே அனைவருக்கும் திறந்துவிட்டபோது, நேரடி இணைப்பில்லாத கியூபிட்களைச் சேர்ந்து இயங்கச் செய்வது நடைமுறைச் சிக்கலாக முன்வந்தது. அவற்றை அருகே கொணரும் ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் பொதுவாக 3 சி-நாட் வாயில்கள் செலவாகி, ஒவ்வொன்றும் பிழையைக் கூட்டுவதால், இடமாற்றங்களைக் குறைப்பதே ஆய்வாளர்களின் முதன்மை நோக்கமாயிற்று. 2018இல் வெளிவந்த சேபர் வழிமுறை, சுற்றை முன்னும் பின்னுமாக அலசிக் கியூபிட்களின் தொடக்க இடங்களைச் செம்மைப்படுத்தி, அம்முயற்சியை வெகுவாக முன்னெடுத்துச் சென்றது.