டிராம் ஓடிய ஊர்



போன மாதம் தாம்பரத்தில் நடந்த பழைய மாணவர் சந்திப்புக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். மண்டப வாசலில் வரிசையாகக் கார்கள். என் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்தது. ஆனால் வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? எண்ணிப் பார்த்தேன். வந்தவர்கள் 41 பேர், கார்கள் 33.

சாப்பிடும்போது ஒருவர், தன் மகளுக்கு இளைப்பு, இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை என்று வருத்தப்பட்டார். பக்கத்தில் இருந்த இருவர் வீட்டிலும் அதே கதை. அன்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்த பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய ஊர் எது? நம் சென்னைதான். ஆண்டு 1895. அப்போது கல்கத்தாவிலும் பம்பாயிலும் டிராமைக் குதிரைகள் இழுத்துக்கொண்டிருந்தன. கல்கத்தாவுக்கு மின்சார டிராம் வந்தது 1902-இல், பம்பாய்க்கு 1907-இல். அந்த மின்சாரமும் நிலக்கரியை எரித்துத்தான் கிடைத்தது. ஆனாலும் தெருவில் நடப்பவர் முகத்தில் புகை அடிக்கவில்லை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலும் வந்துவிட்டது.

இப்படி முன்னால் போன ஊர் பிறகு என்ன செய்தது? பஸ்களின் போட்டியால் டிராம் கம்பெனிக்கு நட்டம். 1953 ஏப்ரலில் டிராம் நின்றது. தண்டவாளங்களும் போயின. அரசின் நகரப் பேருந்துகளுக்காக 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நாம் அந்தப் பஸ்ஸிலிருந்தும் இறங்கி ஸ்கூட்டருக்கும் காருக்கும் மாறினோம். கடைசியில் 2015-இல், பல ஆயிரம் கோடி செலவில், மறுபடியும் மின்சாரத்தில் ஓடும் மெட்ரோ. சுற்றிச் சுற்றி 1895-க்கே வந்து நிற்கிறோம்!

உங்களைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் 2006-இல் கார் வாங்கியவன்தான். தினமும் நான்கு இருக்கைகளில் மூன்றைக் காலியாக வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பஸ் பிடித்து, நின்றுகொண்டே வந்த என் மாணவர்கள் மீது என் வண்டிப் புகைதான் படிந்திருக்கும். அது அப்போது உறைக்கவில்லை.

பஸ் நேரத்துக்கு வருவதில்லை, கூட்டம் அதிகம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் தட்டிக் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டால், கூடுதல் பஸ் விடுங்கள் என்று கேட்க யார் மிச்சம்? ஏறுகிறவர்கள் இருந்தால்தான் வண்டி ஓடும். டிராம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

காரை விற்கச் சொல்லவில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது வேண்டும். தனியாகப் போகும் நாட்களில், வாரம் ஒரு நாளாவது பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ப் பாருங்கள். அடுத்த சந்திப்பை ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில் வையுங்கள். நான் மின்சார ரயிலில் வருகிறேன். உங்களில் எத்தனை பேர் என்னோடு இறங்குகிறீர்கள் என்று எண்ணப் போகிறேன். வருகைப் பதிவேடு இன்னும் என் கையில்தான்!

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்