டர்பைன் போட்ஸ்டாம்

1. எஃப்.எஃப்.சி. டர்பைன் போட்ஸ்டாம், ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத் தலைநகரான போட்ஸ்டாமைச் சேர்ந்த மகளிர் கால்பந்துக் கழகம். 1971இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியில் தொடங்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியின் வாகையர் பட்டத்தை 6 முறையும், ஒன்றிணைந்த ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டெஸ்லிகாவை 6 முறையும் வென்றது. இவற்றோடு ஜெர்மன் கோப்பை 3 முறை, ஐரோப்பியப் பட்டம் 2 முறை. ஆண்கள், பெண்கள் இரு பிரிவையும் சேர்த்துப் பார்த்தாலும், முன்னாள் கிழக்கு ஜெர்மனிக் கழகங்களுள் ஒன்றிணைந்த நாட்டின் லீக் பட்டத்தைத் தொட்டது இது ஒன்றுதான்.

இக்கழகத்தின் கதையில் பாதி, மேற்கே பிராங்க்ஃபர்ட் நகரத்தில் இருந்த 1. எஃப்.எஃப்.சி. பிராங்க்ஃபர்ட் கழகத்தின் கதை. 2001 முதல் 2012 வரை நடந்த 12 பருவங்களில் புண்டெஸ்லிகா பட்டம் இந்த இரண்டு அணிகளைத் தவிர வேறு யாருக்கும் போகவில்லை. ஆளுக்கு 6.

தோற்றம்

கிழக்கு ஜெர்மனியில் விளையாட்டுச் சங்கங்கள் தொழிற்துறைவாரியாக அமைந்திருந்தன. ரயில்வே ஊழியர்களின் சங்கங்கள் லோகோமோட்டிவ் என்ற பெயரையும், மின்துறை ஊழியர்களின் சங்கங்கள் டர்பைன் என்ற பெயரையும் தாங்கின. போட்ஸ்டாமின் மின்துறைச் சங்கத்தில் 1971 மார்ச் 3 அன்று பெண்கள் பிரிவு ஒன்று தொடங்கியது. பயிற்சிப் பொறுப்பு பெர்ன்ட் ஷ்ரோடரிடம் வந்தது. இடையில் சில ஆண்டுகள் நிர்வாகப் பணிக்கு மாறியதை விட்டால், 2016இல் ஓய்வு பெறும் வரை அவர்தான் அணியின் பயிற்சியாளர். நாடு மாறியது, நாணயம் மாறியது, லீக் மாறியது, ஷ்ரோடர் மாறவில்லை. கடுமையான ஓட்டப் பயிற்சிக்கும் கறாரான பேச்சுக்கும் பெயர் போனவர் அவர்.

மேற்கு ஜெர்மனியில் கால்பந்துச் சம்மேளனம் 1955இல் பெண்கள் ஆட்டத்தைத் தடை செய்து, 1970இல்தான் தடையை விலக்கியது. கிழக்கில் அப்படியொரு தடை இருந்ததில்லை. ஆனால் ஆதரவும் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் பதக்கம் தரும் விளையாட்டுகளுக்கே அந்த அரசு பணத்தைக் கொட்டியது. பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்ததோ 1996இல். ஆகவே டர்பைன் வீராங்கனைகள் வேலைக்கும் போய்க்கொண்டு பந்தும் ஆடினார்கள். நாடு தழுவிய பட்டப் போட்டி 1979இல்தான் தொடங்கியது. 1981, 1982, 1983, 1985, 1986, 1989 ஆகிய ஆண்டுகளில் அதை டர்பைன் வென்றது.

கிழக்கு ஜெர்மனி ஒரு மகளிர் தேசிய அணியை அமைத்தபோது பெர்லின் சுவர் விழுந்துவிட்டிருந்தது. 1990 மே 9 அன்று, போட்ஸ்டாமின் பாபெல்ஸ்பெர்க் பகுதியிலுள்ள கார்ல் லீப்க்னெக்ட் அரங்கில், ஷ்ரோடரின் பயிற்சியில் அந்த அணி செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0-3 எனத் தோற்றது. அந்த அணி ஆடிய முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் அதுவே. ஐந்து மாதங்களில் நாடே இல்லாமல் போனது.

ஒன்றிணைப்புக்குப் பிறகு கிழக்கின் பெரும்பாலான கழகங்கள், தாங்கி நின்ற நிறுவனங்கள் மூடப்பட்டதும் தள்ளாடின. டர்பைன் 1994இல் புண்டெஸ்லிகாவுக்கு ஏறியது. 1999இல் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்து, பெண்களுக்கு மட்டுமான தனிக் கழகமாகப் பதிவானது.

மறுகரை

அதே 1999இன் தொடக்கத்தில்தான் பிராங்க்ஃபர்ட் கழகமும் செயல்படத் தொடங்கியது. எஸ்.ஜி. பிரவுன்ஹைம் என்ற புறநகர்ச் சங்கத்தின் பெண்கள் அணி தனியே பிரிந்து வந்து உருவானது அது. மேலாளர் சீக்ஃப்ரீட் டீட்ரிஷ் விளம்பரதாரர்களைத் தேடிப் பிடிப்பதில் வல்லவர்; வங்கிகள் நிறைந்த ஊரும் அதற்கு வாகாக இருந்தது. பிர்கிட் பிரின்ஸ், ஸ்டெஃபி ஜோன்ஸ், ரெனாட்டே லிங்கோர், நியா கியுன்சர் என ஜெர்மன் தேசிய அணியின் முதுகெலும்பு அங்கே இருந்தது. 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சுவீடனுக்கு எதிராகத் தங்க கோலைத் தலையால் முட்டி அடித்தவர் கியுன்சர். பிரின்ஸ் 2003, 2004, 2005 என அடுத்தடுத்து மூன்று முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். ஐரோப்பிய மகளிர் கோப்பை முதன்முதலாக நடந்த 2001-02 பருவத்தில், தன் சொந்த ஊரில் நடந்த இறுதியாட்டத்தில் சுவீடனின் உமெயோ அணியை 2-0 என வென்று கோப்பையை எடுத்ததும் பிராங்க்ஃபர்ட்தான்.

போட்ஸ்டாமின் வழி வேறு. அங்கே விளையாட்டுப் பள்ளியும் விடுதியும் கழகத்தோடு இணைந்திருந்தன. பதின்ம வயதில் வந்து சேரும் பெண்கள் படிப்பையும் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் முடித்து முதல் அணிக்கு ஏறினார்கள். பத்திரிகைகள் இந்தப் போட்டியைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நடக்கும் மோதலாக எழுதிக் களித்தன. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. போட்ஸ்டாமின் வாசலைக் காத்த நாடினே ஆங்கரரும், முன்வரிசையில் ஆடிய பெட்ரா விம்பெர்ஸ்கியும் பவேரியப் பெண்கள். வளர்த்தெடுப்பதா, வாங்கிச் சேர்ப்பதா என்பதில்தான் இரு கழகங்களும் உண்மையில் வேறுபட்டன.

மோதலின் உச்சம்

2003 வரை ஆட்டம் ஒருபக்கச் சார்பாகவே இருந்தது. 2004இல் போட்ஸ்டாம் முதல் புண்டெஸ்லிகா பட்டத்தை வென்றது. அதே ஆண்டு ஜெர்மன் கோப்பை இறுதியில் பிராங்க்ஃபர்ட்டை 3-0 என வீழ்த்தியது. 2005 இறுதியிலும் அதே எதிரி, அதே 3-0. 2006இல் மீண்டும் அதே இரு அணிகள், இம்முறை 2-0. மூன்று ஆட்டங்களும் நடந்த பெர்லின் ஒலிம்பிக் அரங்கம் போட்ஸ்டாமுக்குப் பக்கத்து ஊர். 2005இல் சுவீடனின் யூர்கோர்டன் அணியை இரு ஆட்டங்களிலும் (2-0, 3-1) வென்று டர்பைன் முதல் ஐரோப்பியக் கோப்பையையும் கொண்டுவந்தது.

2006ஆம் ஆண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். லீக், கோப்பை இரண்டையும் போட்ஸ்டாம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்தது ஐரோப்பிய இறுதி. அதிலும் எதிரே நின்றது பிராங்க்ஃபர்ட். ஒரே நாட்டின் இரு அணிகள் அந்த இறுதிக்கு வந்தது அதுவே முதல்முறை. போட்ஸ்டாமில் நடந்த முதல் ஆட்டத்தில் பிராங்க்ஃபர்ட் 4-0 என அடித்து நொறுக்கியது. இரண்டாம் ஆட்டத்தில் 3-2, மொத்தம் 7-2. இரண்டு உள்நாட்டுப் பட்டங்களை இழந்த அணி, அவற்றைப் பறித்தவர்களின் திடலிலேயே கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

பின்பு வீராங்கனைகள் இடம் மாறத் தொடங்கினார்கள். விம்பெர்ஸ்கி 2006இலும், கோல் வேட்டையாளர் கோனி போலர்ஸ் 2007இலும் பிராங்க்ஃபர்ட்டுக்குப் போனார்கள். ஆங்கரர் சுவீடன் வழியாகச் சுற்றி அங்கேயே போய்ச் சேர்ந்தார். 2007, 2008 பட்டங்கள் பிராங்க்ஃபர்ட்டுக்கு. 2008இல் லீக், கோப்பை, ஐரோப்பியப் பட்டம் மூன்றும் ஒன்றாக வந்தன. போட்ஸ்டாம் முடிந்துவிட்டது என்று நினைக்க நியாயம் இருந்தது.

ஷ்ரோடரோ அடுத்த தலைமுறையைக் களத்தில் இறக்கினார். 2009இல் பேயர்ன் முனிச்சுக்கும் போட்ஸ்டாமுக்கும் புள்ளிகள் சமம்; ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பட்டம் போட்ஸ்டாமுக்கு. அதிலிருந்து 2012 வரை தொடர்ச்சியாக நான்கு பட்டங்கள். புண்டெஸ்லிகாவில் அதற்கு முன் எந்த மகளிர் கழகமும் நான்கைத் தொடர்ந்து வென்றதில்லை.

இதற்கிடையே, மகளிர் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறிய ஐரோப்பியப் போட்டியின் முதல் இறுதியாட்டம் 2010 மே 20 அன்று ஸ்பெயினின் கெடாஃபே நகரில் நடந்தது. எதிரணி பிரான்சின் லியோன். 120 நிமிடங்கள் ஆடியும் கோல் இல்லை. பெனால்டிகளில் போட்ஸ்டாம் பின்தங்கியிருந்த நேரத்தில், 17 வயது கோல்கீப்பர் அன்னா ஃபெலிசிட்டாஸ் சார்ஹோல்ஸ் ஆட்டத்தைத் திருப்பினார். இரண்டு உதைகளைத் தடுத்தார். தானே முன்வந்து ஒன்றை அடித்து உள்ளேயும் தள்ளினார். 7-6. பிற்பாடு ஐரோப்பாவையே ஆளப்போகும் லியோனுக்கு அது கசப்பான தொடக்கம். மறு ஆண்டு லண்டனில் அதே லியோன் 2-0 என வென்று பழி தீர்த்தது.

2011 ஜெர்மன் கோப்பை இறுதியில் பிராங்க்ஃபர்ட் 2-1 என டர்பைனை வென்றது. அந்தக் கோடையில் ஃபாத்மிரே பாய்ராமாயும், 2012இல் பாபெட் பீட்டர், பியாங்கா ஷ்மிட் இருவரும் பிராங்க்ஃபர்ட்டுக்கு மாறினார்கள். எதிர்த்திசைப் பயணம் அரிது. 2015இல் ஸ்வென்யா ஹூத் போட்ஸ்டாமுக்கு வந்ததை அப்படிச் சொல்லலாம்.

பிற்காலம்

இரு கழகங்களையும் வீழ்த்தியது பொதுவான ஒரு காரணம். ஆண்கள் அணிகளின் வருமானமும் பெருநிறுவனங்களின் பணமும் பெண்கள் கால்பந்துக்குள் வந்தன. ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் பின்பலம் கொண்ட வுல்ஃப்ஸ்பர்க் 2013இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. அந்த ஆண்டிலிருந்து 2025 வரை புண்டெஸ்லிகா பட்டம் வுல்ஃப்ஸ்பர்க்கிடமோ பேயர்ன் முனிச்சிடமோதான் இருந்தது. பெண்களுக்கு மட்டுமான கழகங்களால் அந்தச் சம்பளத்தையோ பயிற்சி வசதியையோ கொடுக்க முடியவில்லை.

பிராங்க்ஃபர்ட் ஒருமுறை திமிறி எழுந்தது. 2015இல் பெர்லினில் பாரிஸ் செயின்ட் ஜெர்மனை 2-1 என வென்று நான்காவது ஐரோப்பியப் பட்டத்தைப் பெற்றது. அதற்குப் பின் 2025 வரை எந்த ஜெர்மன் கழகமும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. 2020 ஜூலையில் அது ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட்டுடன் இணைந்தது. பழைய பெயர் போனாலும் முதல்நிலை லீக்கில் இடம் நிலைத்தது.

போட்ஸ்டாம் தனிக் கழகமாகவே தொடர்ந்தது. பெர்லினின் ஹெர்த்தா கழகத்தோடு 2020இல் செய்துகொண்ட ஒத்துழைப்பு நீடிக்கவில்லை. 2022இல் ஜெர்மன் கோப்பை இறுதி வரை வந்து வுல்ஃப்ஸ்பர்க்கிடம் 0-4 எனத் தோற்றது. மறு பருவத்திலேயே கடைசி இடம். 29 ஆண்டுகள் இருந்த முதல்நிலை லீக்கிலிருந்து 2023இல் இறங்கியது. 2024இல் ஏறி வந்தது. ஆனால் 2024-25 பருவம் முழுவதும் ஒரு வெற்றிகூடக் கிடைக்காமல் மறுபடி இறங்கி, 2025-26 பருவத்தை இரண்டாம் புண்டெஸ்லிகாவில் தொடங்கியது.