வேளச்சேரிக்குள் ஒரு வெளிச்சேரி

தென் பிரான்சின் பழைய கிராமங்களைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. காலண்டர், கணினித் திரையின் பின்னணிப் படம், சாக்லேட் டப்பா... ஏதோ ஒன்றில் அவை வந்துவிடும். குன்றின் மேல் அடுக்கி வைத்தாற்போல் கல் வீடுகள், நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம், கீழே ஊதா நிறத்தில் லாவெண்டர் வயல். கோர்த், ருசியோன் போன்ற ஊர்களின் குறுகலான தெருக்களில் நடப்பதற்காகவே உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள்.

சென்னையில் இருப்பவருக்கு அந்தப் பயணம் விசா, விமான டிக்கெட், வங்கிக் கணக்கு எல்லாம் சம்பந்தப்பட்டது. ஆனால் ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், பறக்கும் ரயிலில் ஏறி வேளச்சேரியில் இறங்கினால் போதும்!

வேளச்சேரியா? மேம்பாலமும், ஷாப்பிங் மாலும், மழை வந்தால் படகும் ஓடும் அந்த வேளச்சேரியா? அதே வேளச்சேரிதான். அந்தக் கிராமம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவே.

பிரான்சில் என்ன செய்தார்கள்?

பிரான்சின் கிராமங்கள் தானாக அழகாக நின்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட, பல கிராமங்கள் ஆளில்லாமல் வெறிச்சோடின. கூரைகள் இடிந்து விழுந்தன. கொலோன்ஜ்-லா-ரூஜ் என்ற ஊரின் மேயர் சார்ல் செய்ராக் 1982இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' என்பது அதன் பெயர். அதில் சேர ஒரு கிராமத்தின் மக்கள்தொகை 2000க்கு மேல் போகக்கூடாது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஊர் மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்.

வேளச்சேரி இந்தத் தேர்வை எழுதினால் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். இரண்டாயிரம் பேர் இங்கே இரண்டு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள்!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே மக்கள் போய்விட்டதால் வீடும் தெருவும் மாறாமல் நின்றன. இங்கே மக்கள் வந்துகொண்டே இருந்ததால் கிராமம் மறைந்தது. அப்படியானால் இங்கே மிஞ்சியது என்ன?

வெளிச்சேரி

வேளச்சேரியின் தண்டீசுவரர் கோயிலிலும் செல்லியம்மன் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பழையவை பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் ஊரின் பெயர் 'வெளிச்சேரி'. அந்தக் காலக் கணக்கில் இது புலியூர்க் கோட்டத்து ஊர். இன்றைய கோடம்பாக்கம் பகுதியில் இருந்த புலியூர்தான் அந்தக் கோட்டத்துக்குப் பெயர் கொடுத்தது. கோடம்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு ஆட்டோவில் போகிறவர் ஆயிரம் ஆண்டு முந்தைய ஒரு நிர்வாக எல்லைக்குள்ளேயே பயணம் செய்கிறார் என்று சொல்லலாம்.

கோயில் புராணம் வேறு விளக்கம் தருகிறது. நான்கு வேதங்களும் இங்கே வந்து சிவனை வழிபட்டதால் இது 'வேதச்சேரி'யாம். மார்க்கண்டேயனுக்காகச் சிவனிடம் உதை வாங்கித் தன் தண்டத்தை இழந்த யமன், இங்கே வழிபட்டு அதைத் திரும்பப் பெற்றானாம். அதனால்தான் சுவாமிக்குத் தண்டீசுவரர் என்று பெயர். புராணம் அப்படிச் சொல்ல, கல்வெட்டு வெளிச்சேரி என்கிறது. இரண்டும் அதே கோயிலில் வாழ்கின்றன.

'சேரி' என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மனதில் வருவது வேறு. அன்று மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதுதான் பொருள். உத்திரமேரூர் போன்ற பிராமண ஊரிலேயே பன்னிரண்டு சேரிகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டை கட்டிய புதுச்சேரியின் சேரியும் இதேதான். வெளிச்சேரியும் புதுச்சேரியும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள்!

சபையும் ஏரியும்

வெளிச்சேரிக்குச் சதுர்வேதிமங்கலம் என்ற தகுதியும் இருந்தது. அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர். இத்தகைய ஊர்களைச் சபைகள் நிர்வகித்தன. அந்தச் சபைகள் எப்படி நடந்தன என்பதை அறிய உத்திரமேரூருக்குத்தான் போக வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே உள்ளன. பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'குடவோலை முறை' என்று எல்லோரும் படித்ததுதான். ஆனால் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் ஒரு செய்தி அதில் இருக்கிறது.

குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர் கொண்ட குழு. ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. 921ஆம் ஆண்டு விதிப்படி வேட்பாளருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் நிற்க முடியாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை!

நிலமுள்ள ஆண்கள் மட்டுமே பங்கு பெற்ற சபை அது. அதை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. ஏரி மண்ணை வெட்டிச் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆனால் ஒன்று உண்மை. ஏரிக்கு என்று ஒரு பொறுப்பாளர் இருந்தார். ஏரி உடைந்தால் யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும்.

ஏன் ஏரிக்கு இத்தனை முக்கியத்துவம்? தொண்டை மண்டலத்தில் காவிரி போன்ற ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலும் மணல்தான். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைத்தால்தான் சாப்பாடு. எனவே சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் நீளமாகக் கரை எழுப்பினார்கள். கரைக்கு மேல்பக்கம் நீர் நிற்கும். கரையில் உள்ள மதகு வழியாக வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போகும். நிரம்பி மிஞ்சிய நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். ஊர் நத்தம் மேட்டில் இருக்கும். வயல் பள்ளத்தில் இருக்கும்.

வேளச்சேரி வட்டாரமும் இப்படி ஒரு சங்கிலிதான். ஆதம்பாக்கம் ஏரியின் உபரி நீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். வேளச்சேரி ஏரியின் மிச்ச நீரும் அங்கேதான் சேரும். சதுப்பு நிலம் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு விடும். பிறகு கோவளம் அருகே கடல். யாரும் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியதில்லை. நிலத்தின் சரிவே எல்லாம் செய்தது.

ஊர்களை விழுங்கிய ஊர்

சென்னை என்பதே கிராமங்களின் தொகுப்புதான். 1639இல் ஆங்கிலேயருக்குக் கிடைத்தது கடலோரத்தில் ஒரு துண்டு மணல். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை 1693இல் வந்தன. நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து கிராமங்கள் 1708இல் சேர்ந்தன. இப்படி ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்த நகரம், வேளச்சேரியைத் தொட்டபோது 1970களின் பிற்பகுதி ஆகிவிட்டது. அதுவரை அது செங்கல்பட்டு மாவட்டத்து ஊராகத்தான் இருந்தது.

கிராமத்தை விழுங்கும்போது நகரம் முதலில் கடிப்பது ஏரியைத்தான். மாம்பலத்தில் நீண்டு கிடந்த ஏரி 1920களில் வற்ற வைக்கப்பட்டது. அங்கே பிறந்ததுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய ஏரி நிலத்தில்தான்.

வேளச்சேரியிலும் அதே கதை. வயல்கள் மனைகளாக விற்கப்பட்டன. வயல் இல்லாத ஏரிக்கு அரசாங்கப் பதிவேட்டில் வேலை இல்லை. பாசனம் இல்லையென்றால் அது 'சும்மா கிடக்கும் நிலம்'. சுமார் 265 ஏக்கர் இருந்த வேளச்சேரி ஏரி, இன்று 55 ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏரிக்குள் குடிசை போட்ட ஏழைகளைக் கை காட்டுவது எளிது. ஆனால் ஏரியின் ஒரு பெரிய பகுதி வீட்டு வசதி வாரியத்துக்கும் குடிசை மாற்று வாரியத்துக்கும் அரசாங்கமே எழுதிக் கொடுத்தது. அங்கே வீடு பெற்றவர்கள் பட்டா வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் கரையோரம் வாழ்பவர்கள் எப்போது நோட்டீஸ் வரும் என்று பயந்து வாழ்கிறார்கள். இருவர் நிற்பதும் ஒரே ஏரியின் மேல்தான்.

2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது. பிறகு நிலத்தின் விலையைக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் மட்டும் பழைய வரைபடத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. வேளச்சேரியின் தெருக்களில் படகுகள் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே காட்சி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்த உடனே மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த மக்கள் செய்தது சோழர் காலத்துப் புத்திதான். வீடு மேட்டில் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. வீட்டை நகர்த்த முடியாதவர்கள் காரையாவது மேட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று பார்க்கக் கிடைப்பவை

விடுமுறை நாளில் அரை நாள் ஒதுக்கினால் வெளிச்சேரியைச் சுற்றி வந்துவிடலாம். முதலில் தண்டீசுவரர் கோயில். அம்பாள் கருணாம்பிகை. சுவரின் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, விரலால் தொடாமல் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். அடுத்து செல்லியம்மன் கோயில். இங்கே சப்த மாதர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பிறகு யோக நரசிம்மர் கோயில். உக்கிரமாகவே பார்த்துப் பழகிய நரசிம்மர் இங்கே யோகத்தில் அமர்ந்து அமைதியாக இருக்கிறார்.

கடைசியாக ஏரி. பெரும்பாலானவர்கள் இங்கே வருவதில்லை. பார்க்க அழகாக இருக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. ஆகாயத் தாமரையும் குப்பையும் கழிவு நீரும் எதிர்ப்படலாம். ஆனால் கோயில்களைவிட முக்கியமான சின்னம் இதுதான். கோயில் இல்லாமல் ஊர் இருந்திருக்கலாம். ஏரி இல்லாமல் ஊரும் இல்லை, கோயிலுக்கு விளக்கெரிக்க நெய்யும் இல்லை.

பிரான்சின் அந்தச் சங்கம் கல்லையும் கூரையையும் காப்பாற்றியது. அதற்குப் பின்னால் ஊர் மன்றமும் மேயரும் சட்டமும் இருந்தன. 'இது என் பொறுப்பு' என்று சொல்ல ஆள் இருந்தார்கள். வெளிச்சேரியின் ஏரிக்கு அப்படி ஒருவர் இன்று யார்? மாநகராட்சியா, பொதுப்பணித் துறையா, வாரியமா? இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடிந்தவர் வேளச்சேரியில் எத்தனை பேர்? பக்கத்திலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகத்தின் பார்வைக்குள் வந்துவிட்டது. அதற்கு நீர் அனுப்பும் ஏரிகளுக்கு அந்தக் கவனிப்பு இன்னும் வரவில்லை.

இரண்டாயிரம் பேர் வாழும் அழகான கிராமமாக வேளச்சேரி இனி ஒருபோதும் மாறப் போவதில்லை. மாற வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே வந்தவர்கள் எல்லாம் பிழைக்க வந்தவர்கள். அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். ஆனால் மிஞ்சியிருக்கும் 55 ஏக்கருக்கு ஒரு ஏரி வாரியம் வேண்டும். ஆறு பேர் போதும். முக்கியமான ஒரு விதி போதும்: கணக்குக் காட்டாதவர் மறுமுறை நிற்கக்கூடாது. உறவினரும்தான்!